புதுப்பிப்பு: கூரையில் தகடு ஏறியாச்சு

சிங்கப்பூரில் எங்கள் செராங்கூன் கார்டன்ஸ் தரைவீட்டுக்குச் சூரியத் தகடு சொந்தமாக வாங்குவதா, குத்தகையா, பேட்டரி வேண்டுமா என்று கேட்டிருந்தேனே, சொந்தமாகவே வாங்கிவிட்டோம். 10 கிலோவாட், 15,000 வெள்ளிக்குச் சற்று மேல். குத்தகைக்கு முன்பணம் இல்லைதான், ஆனால் ஒப்பந்தம் நீளம். நடுவில் வீட்டை விற்றால் தலைவலி.

தெற்கு பார்த்த கூரை வேண்டும் என்றார்கள் சிலர். அது இந்தியாவில், நம்ம ஊர்க் கணக்கு. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் திசை பெரிதில்லை, நிழல்தான் வில்லன். மூன்று மணிக்கு மேல் பக்கத்து வீட்டுப் புது மாடியின் நிழல் எங்கள் நாலு தகடுகள்மேல் சாய்கிறது. எல்லாத் தகடுகளையும் ஒரே சரமாகத் தொடர்ந்து இணைத்தால் நிழல் விழும் நாலும் மற்றவற்றின் உற்பத்தியையும் கீழே இழுக்கும் என்று, அந்த நாலுக்கும் அதைத் தடுக்கும் ஆப்டிமைசர் கருவி போட்டார்கள்.

பேட்டரி வேண்டாம் என்று விட்டோம். இங்கே கரண்ட் போவதே அபூர்வம். மிச்ச மின்சாரத்துக்கு மின்சார நிறுவனமான எஸ்பியின் பில்லில் வரவு வைக்கிறார்கள், ஆனால் மின்கட்டமைப்புக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான். விற்பதைவிட நாமே பகலில் செலவழிப்பது லாபம். துணி துவைப்பது, இஸ்திரி எல்லாம் அம்மா பகலுக்கு மாற்றிவிட்டார்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலிருந்து கேட்டவருக்கு: புளோக் கூரையில் நாம் தனியாக மாட்ட முடியாது. அங்கே அரசின் சோலார்நோவா திட்டத்தில்தான் தகடுகள் வரும்.