அத்துமீறி நுழைந்ததாக வழக்கு: அபராதம் கட்டி முடித்துவிடலாமா?

கேள்வி: தெற்குவயல்

அனைவருக்கும் வணக்கம். பக்கத்து நிலத்துக்காரருக்கும் எங்களுக்கும் வரப்பு தொடர்பாக நெடுநாளாகத் தகராறு இருந்து வருகிறது. சென்ற ஆண்டு அவர் வரப்பை ஒட்டிக் கம்பி வேலி போட்டபோது, எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று பார்க்க என் அப்பாவும் தம்பியும் அவருடைய நிலத்துக்குள் சென்றார்கள். வாய்த்தகராறு ஏற்பட்டது, கைகலப்பு எதுவும் நடக்கவில்லை. அன்று மாலையே அவர் புகார் கொடுக்க, பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 329(3) (அத்துமீறி நுழைதல்), 296(பி) (ஆபாசப் பேச்சு) பிரிவுகளில் இருவர் மீதும் வழக்குப் பதிவானது. காவல் நிலையத்திலேயே பிணையில் விட்டுவிட்டார்கள். இப்போது குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்திருக்கிறது.

"ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும், வாய்தா வாய்தாவாக அலைய வேண்டாம்" என்று ஊரில் பலரும் சொல்கிறார்கள். அப்பாவுக்கும் அதில்தான் விருப்பம். தம்பி காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். இத்தகைய வழக்குகள் வழக்கமாக எப்படித்தான் முடிகின்றன?

பதில்: நடுவர் மன்ற வழக்கறிஞர்

நண்பருக்கு வணக்கம். நீதிமன்றத்துக்குச் செல்லும் முன்பே கேட்டது நல்லதாயிற்று. உங்கள் தம்பியின் நிலையில் இருக்கும் ஒருவர் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளவே கூடாது என்பதை முதலிலேயே அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

329(3) பிரிவுக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று மாதச் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1-க்கு முன்பு இதுவே இந்திய தண்டனைச் சட்டத்தின் 447-ஆவது பிரிவாக இருந்தது. அப்போது அபராதத்தின் உச்சவரம்பு 500 ரூபாய்தான். தொகை சிறியது என்பதால்தான் பலரும் கட்டிவிட்டுப் போக நினைக்கிறார்கள். ஆனால் கட்டுவது அபராதம் மட்டுமன்று. அதனுடன் குற்றவாளி என்ற தீர்ப்பும் சேர்ந்தே வருகிறது. ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், அந்தத் தண்டனையின் அளவு பற்றியோ சட்டப்படி அது செல்லுமா என்பது பற்றியோ மட்டுமே மேல்முறையீடு செய்ய முடியும். நான் குற்றமே செய்யவில்லை என்று பிறகு சொல்ல வழியில்லை.

இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் நல்ல முடிவாக அமைவது ராஜி, அதாவது சமரசம். 329(3) நீதிமன்ற அனுமதி தேவைப்படாமலே சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். சமரசம் செய்யும் உரிமை நிலத்தை அனுபவித்து வருபவருக்கே உண்டு என்பதைக் கவனியுங்கள். பட்டா ஒருவர் பெயரிலும் சாகுபடி குத்தகைதாரர் கையிலும் இருந்தால், கையெழுத்திட வேண்டியவர் குத்தகைதாரர்தான். சமரசம் பதிவானால் சட்டத்தின் பார்வையில் அது விடுதலை. மக்கள் நீதிமன்றம் கூடும் நாள்களில் இப்படிப்பட்ட வழக்குகளை எடுத்துக்கொள்வதும் உண்டு.

சிக்கல் 296(பி)-யில் இருக்கிறது. ஆபாசமாகப் பேசியதாகச் சொல்லும் இந்தப் பிரிவு, வரப்புச் சண்டை வழக்குகளில் பழைய 294(பி) காலத்திலிருந்தே அநேகமாகத் தவறாமல் சேர்க்கப்படுவது. இதைக் கீழ் நீதிமன்றத்தில் சமரசம் செய்ய முடியாது. இரு தரப்பும் இணங்கிவிட்டால் உயர் நீதிமன்றத்தில் மனு செய்து வழக்கு முழுவதையும் ரத்து செய்யக் கோரலாம். சமரசத்தின் அடிப்படையில் அப்படி ரத்து செய்யும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் 2012-இல் கியான் சிங் வழக்கில் உறுதி செய்திருக்கிறது. அவ்வளவு தூரம் போக இயலாவிட்டால், பொது இடத்திலோ அதன் அருகிலோ பேசியிருந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும் என்பதை விசாரணையில் எழுப்பலாம். வேலி போட்ட வயலின் நடுவே நடந்த பேச்சு அதில் அடங்குமா என்பது வலுவான கேள்வி.

சமரசத்துக்கு அவர் வராவிட்டாலும் மனம் தளர வேண்டாம். நிலத்துக்குள் கால் வைத்தார் என்பதோடு குற்றம் நிறைவடைவதில்லை. குற்றம் ஒன்றைச் செய்யவோ, அனுபவத்தில் இருப்பவரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணிச் சென்றார் என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். தொல்லை ஏற்படும் என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, தொல்லை தருவதே நோக்கமாக இருந்திருக்க வேண்டும் என்று மாத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. எல்லைக்கல்லைப் பார்க்கச் சென்றவருக்கு அந்த நோக்கம் இருந்ததா என்பதே உங்கள் எதிர்வாதத்தின் உயிர்நிலை. இத்தகைய குற்றங்களுக்குக் காலவரம்பு ஓராண்டு என்றாலும், புதிய நடைமுறைச் சட்டத்தில் அது முதல் தகவல் அறிக்கை பதிவான நாள் வரைதான் கணக்கிடப்படுகிறது. அன்று மாலையே புகார் கொடுக்கப்பட்டு வழக்குப் பதிவானதால், காலவரம்பு பற்றிய ஆட்சேபத்தை நம்பியிருக்க வேண்டாம்.

பதில்: கரிசல்மண்

நான் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவன் என்பதால் எழுதுகிறேன். அன்று காலை பத்தரை மணிக்குப் போனேன். என் பெயரைக் கூப்பிட்டபோது மதியம் ஆகிவிட்டது. கூண்டில் ஏறினேன். குற்றச்சாட்டின் சுருக்கத்தை வாசித்துவிட்டு, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார்கள். "ஒப்புக்கொள்கிறேன் ஐயா" என்றேன். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அபராத ரசீதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பினேன். பின்னர் ஒரு வேலைக்கான படிவத்தில் "குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?" என்ற கட்டத்தின் முன்னால் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தபோதுதான், அந்த இரண்டு நிமிடத்தில் என்ன செய்திருக்கிறேன் என்பது உறைத்தது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்படி கண்டித்து மட்டும் விடும்படி கேட்டிருக்கலாம் என்று எனக்கு அப்போது சொல்வார் யாரும் இல்லை.

பதில்: நடுவர் மன்ற வழக்கறிஞர்

கரிசல்மண் சொல்வது மிகச் சரி. அந்தச் சட்டத்தின்கீழ் விடுவிக்கப்பட்டால், தண்டனைத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு அவரைத் தொடராது என்று அதன் 12-ஆவது பிரிவு சொல்கிறது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்ட கட்டத்தில் கேட்க வேண்டிய நிவாரணம் அது.

தம்பியைப் பற்றி இன்னொன்று. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதிகளில், சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ் சாட்சியானதாலோ (முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னதாலோ) விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதும் விளக்கம் உண்டு. ஆகவே "புகார்தாரரே சாட்சிக் கூண்டில் மாற்றிச் சொல்லிவிடுவார்" என்று யாராவது வழி சொன்னால் அதை ஏற்காதீர்கள். அது நேர்மையுமன்று, தம்பிக்கு உதவப்போவதுமில்லை. வழக்கு எப்படி முடிந்தாலும் விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

பதில்: சங்கிலிஅளவு

நான் நில அளவைப் பணியில் இருந்தவன். குற்ற வழக்கில் விடுதலை கிடைத்தாலும் எல்லைக்கல் தானாக இடம் மாறாது, வரப்பும் நகராது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, புலப்படத்தின்படி (நில எல்லைகளைக் காட்டும் அரசு வரைபடம்) அளந்து காட்டக் கேட்டு மனுச் செய்யுங்கள். பக்கத்து நிலத்துக்காரருக்கும் முறைப்படி அறிவிப்புச் சென்று, அவர் முன்னிலையில் அளப்பதே நல்லது. அளந்த பிறகும் அவர் ஏற்காவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அதுவரை அப்பாவும் தம்பியும் வேலிக்கு அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

தெற்குவயல்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. கரிசல்மண் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒப்புக்கொள்ளும் எண்ணத்தை விட்டுவிட்டார். நாளை வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கிறோம். முதல் தகவல் அறிக்கையையும் இறுதி அறிக்கையையும் (குற்றப்பத்திரிகை) எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்து நிலத்தில் உழுவது உரிமையாளரின் மைத்துனர் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ராஜி பேசுவதானால் அவரிடமும் பேச வேண்டும் போலிருக்கிறது.