வில் வேட்டையில் மானுக்கு அம்பு எங்கே பாய வேண்டும்?

புதுநாண்:
பென்சில்வேனியாவில் இந்த வில் பருவத்துக்கு உரிமம் எடுத்திருக்கிறேன். காம்பவுண்ட் வில் (கப்பி வைத்தது), இழுவிசை 50 பவுண்ட். ட்ரீ ஸ்டாண்ட், அதாவது மரத்தில் கட்டிய பரண், 18 அடி உயரம். 20 யார்டில் (60 அடி) அம்புகள் 4 அங்குலத்துக்குள் சேர்கின்றன. ஆனால் பலகை அசையாது, மான் அசையும். வெள்ளைவால் மான் துடிக்காமல் சாக எங்கே குறி வைப்பது? எப்படி நின்றால் அம்பை விடவே கூடாது?

மலைச்சாரல்:
தம்பி, அம்பு அறுத்துத்தான் கொல்லும். தோட்டாவின் அதிர்ச்சி அதற்குக் கிடையாது. இரத்தம் வேகமாக வெளியேறி மூளைக்குப் போவது நின்றால்தான் மான் சாயும். இரண்டு நுரையீரலையும் அறுத்துக்கொண்டு அம்பு மறுபக்கம் வந்துவிட்டால் பெரும்பாலும் 10, 15 நொடியில் முடிந்துவிடும். 100 யார்டுக்குள் கிடக்கும். ஒரு நுரையீரல் மட்டும் என்றால் மணிக்கணக்கில் நடக்கும், கிடைக்காமலே போகலாம்.

பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி நேர் மேலே பாருங்கள். அடிமார்பிலிருந்து முதுகு வரையுள்ள உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறினால் அதுதான் இடம். இதயத்தின் மேற்பக்கமும் நுரையீரலின் கீழ்ப்பகுதியும் அங்கே சேர்கின்றன. நுரையீரலும் இதயமும் சேர்ந்த பரப்பு மொத்தம் 8 முதல் 10 அங்குலம்தான். ஒரு சாண் பின்னால் போனால் ஈரல், இன்னும் பின்னால் இரைப்பை. முன்னால் போனால் முன்சப்பை மூட்டு. 50 பவுண்ட் வில்லின் அம்பு அங்கேயே நின்றுவிடலாம். உங்கள் பக்கத்து முன்னங்கால் முன்னே எட்டு வைத்திருக்கும் கணம் நல்லது, எலும்பு விலகி விலா திறந்திருக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது, மான் சற்றே உங்களுக்கு முதுகு காட்டிச் சாய்ந்து நிற்கும் நிலை. அப்போது அம்பு நுழையும் இடத்தை மறந்துவிட்டு, மறுபக்கத்து முன்னங்காலை நோக்கி வெளியேறும்படி குறி வையுங்கள். நுழையும் இடம் விலாவின் நடுவில் போலத் தெரியும், பயப்பட வேண்டாம்.

மார்பைக் காட்டி நேரே நிற்கிறதா, முன்சாய்வாக வருகிறதா, பின்புறம் மட்டும் தெரிகிறதா? நாணை இறக்கிவிடுங்கள். எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும் சரி.

நாணொலி:
அண்ணன் சொன்னதில் உயரத்தைச் சேர்க்க வேண்டும். 18 அடி உயரத்தில் நின்று எய்தால் 10 யார்டில் நிற்கும் மானுக்கு அம்பு ஏறக்குறைய 34 பாகை சரிவில் இறங்கும். 20 யார்டில் 18 பாகைதான். மார்பின் குறுக்களவு ஓர் அடி என்றால், முதல் சரிவில் உள்ளே போகும்போதே 8 அங்குலம் இறங்கிவிடுகிறது. மேலே குத்தி ஒரே நுரையீரலை அறுப்பது இப்படித்தான் நடக்கிறது. மரத்தடியில் வந்து நிற்கும் மானை எய்யாதீர்கள், 15 முதல் 20 யார்டு வரை நடக்கட்டும். குறி தாழ்த்தும்போது கையை இறக்காமல் இடுப்பை வளையுங்கள். முழு உடல் பாதுகாப்பு வாரை மாட்டாமல் ஏறவே ஏறாதீர்கள்.

இன்னொன்று, நாண் சத்தம். ஒலி நொடிக்கு 1,100 அடி போகும், உங்கள் வில்லின் அம்பு சுமார் 220 அடிதான். 30 யார்டில் அம்பு சேர ஏறக்குறைய 0.4 நொடி ஆகிறது. சத்தம் அதற்கு வெகு முன்னே போய்விடும். மான் பாயத் தயாராகக் காலை மடக்கி உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேல் போகும். தலை தூக்கிக் காது நிமிர்ந்த மானுக்கு இதயத்தின் கீழ்விளிம்பைக் குறி வையுங்கள். 20 யார்டைத் தாண்டினால் விடவே வேண்டாம். நடந்து போகும் மானை ‘மே’ என்று குரல் கொடுத்து நிறுத்துவதும் அதை எச்சரிக்கிறது, கிட்டத்தில் மட்டும் செய்யுங்கள்.

50 பவுண்டுக்குப் பட்டதும் விரியும் முனை வேண்டாம், விரிவதிலேயே விசை போகும். அலகு நிலையாக இருக்கும் பிராட்ஹெட் (வேட்டைக்கான வெட்டு முனை), மொத்த அம்பு 420 கிரெயின், அதாவது 27 கிராம் அளவில் போதும். அலகு மயிரை மழிக்க வேண்டும். பயிற்சி முனையை வைத்துத் திருத்திய குறி பிராட்ஹெட்டுக்கு ஒத்துவராது, அதையே எய்து பாருங்கள்.

கீழ்க்காற்று:
எய்தபின் அசையாமல் இருந்து, மான் நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த மரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அம்பைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நுரை என்றால் நுரையீரல், அரை மணி போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், 4 முதல் 6 மணி நேரம். பச்சையோ பழுப்போ ஒட்டி நாற்றம் அடித்தால் குடல். 8 முதல் 12 மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். முதுகைக் கூனி வாலைத் தாழ்த்தி மெல்ல நடந்து போனாலும் அதேதான்.

புதுநாண்:
இரவில் மழை வரும் போலிருந்தால், குடலில் பட்டிருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டுமா?

கீழ்க்காற்று:
ஆமாம். குடலில் பட்ட மானுக்கு வெளியே இரத்தமே அதிகம் சொட்டாது, மழையில் இழக்க ஒன்றுமில்லை. துரத்தாமல் விட்டால் பெரும்பாலும் 200 யார்டுக்குள் அடர்ந்த புதரில் படுத்துவிடும். எழுப்பினால் மைல் கணக்கில் போகும். காலையில் தடம் கிடைக்காவிட்டால் மோப்ப நாய் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள், நீளக் கயிற்றில் பிடித்து வர பென்சில்வேனியாவில் அனுமதி உண்டு. அவர் வரும்வரை அந்தப் புதருக்குள் நீங்கள் மிதித்துத் திரிய வேண்டாம், வாசம் கலைந்துவிடும்.