பாளையங்கோட்டையில் பார்த்த 1964 ஹெரால்ட்

பழைய கார்களைச் சந்தித்த அனுபவங்களை நண்பர்கள் எழுதிவருவதால், 2023 ஜனவரியில் பாளையங்கோட்டையில் நான் பார்த்த ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பற்றி நானும் எழுத விரும்புகிறேன். 1964 மாடல், இரண்டு கதவு, 948 சி.சி. என்ஜின், இளநீல நிறம். தொழிற்சாலையில் அடித்த பெயிண்டின் மேல் இன்றுவரை வேறு பெயிண்ட் ஏறவில்லை என்பதே அதன் சிறப்பு.

இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி வடிவமைத்து, இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டைத்தான், ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூர் அருகே 1961 முதல் தயாரித்தது. தனிச் சேஸிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு இணைத்த வண்டி அது. ஒரு பகுதி நசுங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம் என்பதால், இன்று ஓடும் பல ஹெரால்டுகள் இரண்டு மூன்று வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியவையாகவே இருக்கின்றன. எனவே பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்ததும், என்ஜினைப் பார்ப்பதற்கு முன் போல்ட்டுகளைத்தான் பார்த்தேன். ஒன்றின் தலையிலும் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. பல ஆண்டுகள் துடைத்துத் துடைத்தே பெயிண்ட் தேய்ந்துபோன பானெட் விளிம்பில் மட்டும் அடிப்பூச்சு வெளியே தெரிந்தது. டிக்கியின் தரையில் சிறிது துரு உண்டு. பட்டி போட்டு மறைத்த இடம் எங்கும் இல்லை.

வண்டியின் உரிமையாளர் எழுபதைக் கடந்த, ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியை. துணியில் சுற்றி வைத்திருந்த ஆர்.சி. புத்தகத்தை அவர் எடுத்துவந்து என் கையில் கொடுத்தபோது, எனக்கு வண்டியைப் பார்த்ததைவிடக் கூடுதலான மகிழ்ச்சி. முதல் பக்கத்து முத்திரையில் மெட்ராஸ் மாநிலம் என்றிருக்கிறது. சென்னையில் ஒரு மருத்துவர் தவணைக் கடனில் வாங்கியதும், அந்தக் கடன் 1967-இல் தீர்ந்து ரத்தானதும் பதிவாகியிருக்கின்றன. 1971-இல் ஆசிரியையின் தந்தை பெயருக்கு மாறிய பக்கத்தில், மாநிலத்தின் பெயர் 1969-இல் மாறிவிட்டதால், முத்திரை தமிழ்நாடு என்று ஆகிவிடுகிறது. 1983-இல் பாளையங்கோட்டைக்கு முகவரி மாற்றம், 2010-இல் மகளுக்கு உரிமை மாற்றம். அறுபது ஆண்டுகளை நெருங்கும் வண்டிக்கு மூன்றே உரிமையாளர்கள். நிறம் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் புத்தகத்தில் உள்ளபடியே வண்டியிலும் இருந்தன. காகிதம் சொல்வதையே இரும்பும் சொல்லும் வண்டியை நான் வெகு அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

ஓட்டுநர் பக்கக் கதவின் மேல் விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் அறவே தேய்ந்து தகரம் மினுங்கியது. நான் அதை உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவர் சொன்னார்: "அப்பா ஓட்டும்போது கையை அங்கதான் வச்சிருப்பாங்க, தம்பி. பெயிண்ட் அடிச்சிரலாம்னு எத்தனையோ பேர் சொன்னாங்க. எனக்கு மனசு வரலை."

இருபது ஆண்டுகளுக்கு முன் என் ஃபியட்டை ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டு, பழைய பெயிண்டைச் சுரண்டி முழுக்கப் புதிதாக்கினேன். அதன் பழைய அடையாளங்கள் அன்றே போய்விட்டன. அந்த வருத்தம் இன்றும் உண்டு என்பதால், அவர் எடுத்த முடிவே சரி என்று அழுத்தமாகச் சொன்னேன்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, பெரிதாக மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கான வின்டேஜ் பதிவு விதிகளை மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்தது. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் அவருக்கு இருப்பதால், யோசித்துச் சொல்வதாகக் கூறினார்.

பிரேக் ஹோஸ்கள் (பிரேக்கின் ரப்பர் குழாய்கள்) மட்டும் வெடிப்பு விட்டிருந்தன. பாதுகாப்பு சம்பந்தப்பட்டதில் பழமை பார்க்கக் கூடாது என்று சொல்லி, மறுநாளே உள்ளூர் மெக்கானிக்கை வைத்து மாற்றினோம். கழற்றிய ஹோஸ்களை ஆசிரியை குப்பையில் போட விடவில்லை. ஒரு மஞ்சள் பையில் போட்டு, தேதி எழுதிய சீட்டைக் கட்டி, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே அதேபோல் சீட்டுக் கட்டிய பைகள் ஏற்கெனவே நான்கு இருந்தன. அவற்றில் மூன்று அவருடைய தந்தையின் கையெழுத்தில் இருந்தன.