சொந்த வீடு கட்ட எங்களுக்கு இப்போது கட்டுப்படியாகுமா?

புதுமனை:

மனை கையில் இருக்கிறது, அதன் மேல் கடன் இல்லை. தொகையை அப்படியே போடாமல் பங்காகப் போடுகிறேன், கணக்குப் பார்க்க அதுதான் சுலபம்.

இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 100. ஒருவருக்கு 60, இன்னொருவருக்கு 40. வாடகை 18, வண்டிக் கடன் 7, மற்ற செலவெல்லாம் 50. மாதம் 25 மிஞ்சுகிறது. சேமிப்பு 900. 1,000 சதுர அடி வீட்டுக்கு ஒப்பந்தக்காரர் 3,200 கேட்கிறார். வங்கி 3,000 வரை தரும் என்கிறது. வட்டி 9 சதவீதம், 20 வருடம். இரண்டையும் கூட்டினால் 3,900 வருகிறது, 700 மிச்சம் இருக்க வேண்டும். ஆனாலும் இறங்கத் தயக்கமாக இருக்கிறது. எங்கே தப்புக் கணக்குப் போடுகிறோம்?

வட்டிக்கணக்கு:

தயக்கம் நியாயமானது. அந்த 700 மிச்சம் இல்லை, அதற்கு மேலேயே துண்டு விழும்.

ஒப்பந்தத் தொகை என்பது வீட்டின் விலை அல்ல. காம்பவுண்டு சுவர், கேட், செப்டிக் டேங்க், தரைத்தொட்டி, தண்ணீர் ஏற்பாடு, மின் இணைப்பு, வரைபட அனுமதி, சமையலறை அலமாரி, ஃபேன், லைட் எல்லாம் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் நிற்கும். இவற்றுக்கு 20 சதவீதம் வையுங்கள்: 640. இரண்டும் சேர்ந்து 3,840. எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம்: 384. ஆக 4,224.

இப்போது உங்கள் பக்கம். சேமிப்பு முழுவதையும் செங்கல்லில் போடக்கூடாது. 9 சதவீதத்தில் 20 வருடத்துக்கு ஒவ்வொரு 100-க்கும் மாதத் தவணை 0.90. 3,000 கடனுக்கு 27. குடிபோன பிறகு மாதச் செலவு 50 + 7 + 27 = 84. ஆறு மாதத்துக்கு 504 தனியாக எடுத்து வையுங்கள், அதைத் தொடவே வேண்டாம். 40 சம்பளம் நின்றால் மாதம் 24 குறையும், இந்த 504 ஏறக்குறைய 21 மாதம் தாங்கும். 60 சம்பளம் நின்றால் மாதம் 44 குறையும், 11 மாதம்தான். குழந்தை, மருத்துவம், வேலை மாற்றம் எல்லாம் இந்த 20 வருடத்துக்குள்தான் வரும். அதனால் இதில் மட்டும் யாரிடமும் பேரம் பேசாதீர்கள்.

கட்டடத்துக்கு மிஞ்சும் சொந்தப் பணம் 396. கடனோடு 3,396. தேவை 4,224. துண்டு விழுவது 828. பாதி வீட்டோடு வேலை நின்றுபோவது இப்படித்தான். கூரை போட்டாகிவிடும், பூச்சுக்குப் பணம் இருக்காது. அப்போது தனிநபர் கடன் வாங்கத் தோன்றும். அந்த வட்டி உங்கள் கணக்கையே குலைத்துவிடும்.

அதையே 800 சதுர அடிக்குப் போட்டுப் பாருங்கள். கட்டுமானம் 2,560. வெளிச்செலவு அதே விகிதத்தில் குறையாது, காம்பவுண்டும் செப்டிக் டேங்க்கும் வீட்டின் அளவைப் பார்ப்பதில்லை, 600 வைப்போம். 10 சதவீதம் சேர்த்து 3,476. துண்டு 80தான். கட்டும் காலத்தில் வங்கி கொடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி கட்டினால் போதும் என்று ஏற்பாடு இருந்தால், 10 மாத வேலையில் சராசரியாகப் பாதிக் கடன் மேல் மாதம் 11.25 போகும். வாடகையும் கொடுத்தபடியே மிஞ்சும் 25-இல் இதைக் கழித்தால் 10 மாதத்தில் 137 சேரும். அந்த 80 இதிலேயே அடைந்துவிடும். ஆக 1,000 முடியாது, 800 முடியும். அதுவும் இறுக்கமாகத்தான். ஆறு மாதம் பொறுத்து ஆரம்பித்தால் இன்னும் 150 கையில் இருக்கும்.

வட்டி மாறும் கடன் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 9 சதவீதம் 10 ஆனால், பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும். தவணை அதே 27 என்றால் 20 வருடம் என்பது 26 வருடத்துக்கு மேல் போய்விடும். தவணையை 29 ஆக உயர்த்தச் சொல்லி எழுதிக் கொடுத்தால் காலம் 20-இலேயே நிற்கும். வண்டிக் கடன் முடிந்ததும் விடுபடும் 7-ஐயும் இதில் திருப்புங்கள்.

ரசமட்டம்:

மேலே உள்ள கணக்கோடு ஒத்துப்போகிறேன். ஆனால் 800 அடி என்று முடிவு செய்தால் மட்டும் செலவு குறையாது, வடிவமும் முக்கியம். 20க்கு 40 நேர்செவ்வகத்தின் வெளிச்சுற்று 120 அடி. அதே 800 அடியை எல் வடிவத்தில், 40க்கு 30-இல் ஒரு மூலையில் 20க்கு 20 விட்டுக் கட்டினால் சுற்று 140 அடி. உள்ளே ஓர் அங்குலம்கூட இடம் கூடவில்லை. ஆனால் 20 அடி சுவர், அதன் அடியில் அஸ்திவாரம், பெல்ட் பீம் (சுவர் நெடுக ஓடும் கான்கிரீட் பட்டை), இரண்டு பக்கமும் பூச்சு, பெயின்ட் எல்லாம் கூடும். குளியலறையையும் சமையலறையையும் முதுகோடு முதுகாக வையுங்கள். குழாயும் கழிவுநீர் லைனும் குறையும்.

800 என்பது வெளி அளவு. 20க்கு 40-இல் 9 அங்குல வெளிச்சுவர் போனால் உள்ளே 18.5க்கு 38.5, அதாவது 712. தடுப்புச் சுவர்களும் போனால் 690-க்குள்தான் நடமாட இடம். வரைபடத்தில் கட்டில், அலமாரி, கதவு திறக்கும் வளைவு மூன்றையும் அளவோடு வரைந்து பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். சதுர அடிக்கணக்கில் போர்ட்டிகோ, படிக்கட்டு, மொட்டைமாடிப் படிக்கட்டு அறை எதையெல்லாம் சேர்க்கிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தகராறு அதிகம் வருவது இங்கேதான்.

குறைக்கக் கூடாதவை: மண் பரிசோதனை, அஸ்திவாரம், கம்பி, சுவருக்குள் போகும் குழாயும் வயரும், குளியலறை நீர்க்கசிவுத் தடுப்பு. தள்ளிப்போடக் கூடியவை: ஃபால்ஸ் சீலிங், அலமாரிக் கதவுகள், வெளிப்பூச்சின் கடைசிக் கோட் பெயின்ட், கேட்டின் அலங்காரம். டைல்ஸை நாளைக்கு மாற்றலாம். அதன் அடியில் இருக்கும் மண்ணை மாற்ற முடியாது.

பேஸ்மென்ட்டை, அதாவது வீட்டுத் தரைக்கு அடியில் எழுப்பும் மேடையை, மண்ணால் நிரப்புவதைக் கட்டாயம் நின்று பாருங்கள். இரண்டடி உயரத்துக்கு மண்ணை ஒரே நாளில் கொட்டி, மேலே தண்ணீர் விட்டு மூடிவிடுவார்கள். வெளியே பார்க்க எதுவும் தெரியாது. ஒரு வருடம் கழித்து, சுவரடி டைல்ஸ் பட்டையின் (ஸ்கர்ட்டிங்) அடியில் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி வரும், மூலை டைல்ஸைத் தட்டினால் குடம் மாதிரி ஒலிக்கும். 6 முதல் 9 அங்குலம் வரை ஒவ்வோர் அடுக்காகப் போட்டு, நனைத்து, திமிசால் இடித்து இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கு.

கூரைக்கு 800 அடி, 5 அங்குல கனம் என்றால் சுமார் 333 கன அடி, 9.4 கன மீட்டர். 1:1.5:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவைக்கு ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை. ஆக 76 மூட்டை, பீம்களுக்குத் தனி. அன்றைக்கு மூட்டைகளை எண்ணுங்கள். 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது, மணல் ஈரமாக இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். கலவை சீக்கிரம் ஓட வேண்டும் என்று வாளி வாளியாக ஊற்றுவார்கள், தண்ணீர் ஏற ஏற பலம் இறங்கும். கம்பிக்கும் அடிப்பலகைக்கும் நடுவே இடைவெளி விடும் 20 மி.மீ. கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்திருந்தால் அகற்றச் சொல்லுங்கள். கம்பி பலகையில் படிந்தால் சில வருடத்தில் துருப்பிடித்துக் கூரைப் பூச்சு உதிரும். பத்து நாளாவது மேலே தண்ணீர் தேங்க வேண்டும்.

புதுமனை:

நன்றி, கண்ணைத் திறந்துவிட்டீர்கள். 800-க்கே வந்துவிடுகிறோம். இரண்டு சந்தேகம். பின்னால் மாடி எடுக்க இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்? ஒப்பந்தக்காரர் முன்பணமாக 25 சதவீதம் கேட்கிறார், கொடுக்கலாமா?

ரசமட்டம்:

மாடி எண்ணம் இருந்தால் அதை இன்றே பொறியாளரிடம் சொல்லி, அஸ்திவாரத்தையும் பில்லரையும் இரண்டு தளத்துக்குக் கணக்கிடச் சொல்லுங்கள். கூடுதல் செலவு பெரும்பாலும் மண்ணுக்குக் கீழேயும் பில்லர் கம்பியிலும் முடிந்துவிடும். பின்னால் பலப்படுத்துவது என்றால் தரையை உடைத்து இறங்க வேண்டும். படிக்கட்டுக்கு இடத்தையும் இப்போதே ஒதுக்குங்கள்.

கூரைக்கு மேலே பில்லர் கம்பியை நீட்டி விடும்போது, கம்பி விட்டத்தைப் போல 50 மடங்கு நீளம் வேண்டும்: 12 மி.மீ. கம்பிக்கு 60 செ.மீ. வெறுமனே விட்டால் துரு ஏறி மெலியும். சிமென்ட் பால் பூசி, சிமென்ட் குறைந்த கான்கிரீட்டால் மூடிவிடுங்கள். மாடி எடுக்கும்போது உடைத்துக்கொள்ளலாம்.

தூக்குக்குண்டு:

25 சதவீதம் முன்பணம் வேண்டாம். பணம் வேலைக்கு முன்னால் ஓடினால், தகராறு வரும் நாளில் உங்கள் கையில் பிடி இருக்காது. வேலை முடிந்த நிலைக்கு ஏற்பச் சதவீதமாகக் கொடுங்கள்: பேஸ்மென்ட் 18, லிண்டில் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட்) வரை 15, கூரைக் கான்கிரீட் 22, பூச்சும் குழாயும் வயரிங்கும் 17, தரையும் கதவு ஜன்னலும் 15, பெயின்ட் ஃபிட்டிங் 8. கடைசி 5-ஐ ஆறு மாதம் நிறுத்தி வையுங்கள், ஒரு மழைக்காலம் அதற்குள் வரட்டும்.

இதில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வங்கி பொதுவாக உங்கள் பங்கை முதலில் போடச் சொல்லும், ஒரு நிலை முடிந்த பிறகே பணம் விடும். 2,560-இல் 18 சதவீதம் 461. உங்களிடம் இருப்பது 396. கடன் மொத்தத்தில் போதும், ஆனால் பேஸ்மென்ட் முடியும் முன்பே கை காய்ந்துவிடும். அதனால் முதல் நிலையை இரண்டாக உடையுங்கள்: பில்லர் அடி கான்கிரீட் முடிந்ததும் 9, பெல்ட் பீமும் மண் நிரப்பலும் முடிந்ததும் 9. முதல் 9 முடிந்ததுமே வங்கி முதல் தவணையை விடுமா என்று கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வங்கி ஆள் வந்து பார்த்துப் பணம் விடப் பத்து நாள் ஆனாலும் ஆட்கள் கலையாமல் இருக்க, அந்த நாட்களில் என்ன வேலை நடக்கும் என்பதையும் மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.