ரெஃப்ரிக்கு (ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை மதிப்பிட்டு ரிப்போர்ட் எழுதுகிறவர்) நன்றி சொன்ன கதை இருந்தால் இங்கே போடுங்கள்

தே ஓ கோசோங்:
பொருளியல் ஆய்விதழ் ரெஃப்ரிக்கு நன்றி சொல்வது சுவருக்கு வணக்கம் போடுவது மாதிரிதான். பல இதழ்களில் அவருக்கு நம் பெயர் தெரியும், நமக்கு அவர் யாரென்று தெரியாது. முதல் பக்க அடிக்குறிப்பில் எல்லாரும் எழுதுகிற அந்த ஒரு வரியோடு நானும் முடித்திருப்பேன், இரண்டாவது ரெஃப்ரியின் ரிப்போர்ட் மட்டும் அப்படி வராமல் இருந்திருந்தால்.

கட்டுரை சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளின் மறுவிற்பனை விலை பற்றியது. தொடக்கப்பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் தொடக்கநிலை 1 பதிவில் முன்னுரிமை உண்டு இல்லையா, அதனால் விலை எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கேள்வி. ஆனால் நல்ல பள்ளி இருக்கிற பேட்டையில் எம்ஆர்டி ரயில் நிலையமும் இருக்கும், கடைத்தொகுதியும் இருக்கும், எது விலையை ஏற்றியது என்று பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அந்த இரண்டாவது ரெஃப்ரி எழுதியது அரைப் பக்கம்: 2022 பதிவிலிருந்து தூரத்தைப் பள்ளி நிலத்தின் எல்லையிலிருந்து அளக்கிறார்கள், ஆகவே இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு 1 கிலோமீட்டருக்குள் வந்துவிட்ட புளோக்குகள் இருக்கும், அவற்றைத் தேடிப் பாருங்கள். அதே பேட்டை, அதே எம்ஆர்டி, மாறியது முன்னுரிமை மட்டும். கட்டுரை இன்று நிற்பதே அதில்தான்.

அப்புறம் ஒரு கருத்தரங்கு. நான் அன்று பேசியது சம்பந்தமே இல்லாத தலைப்பு. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, “அந்த எல்லை விஷயம் சரியாக வந்ததா?” என்றார். இணையத்திலும் அந்தக் கட்டுரையை நான் போட்டிருக்கவில்லை, ரெஃப்ரியைத் தவிர யாருக்குத் தெரியும்? நீங்களா என்று கேட்பது முறையில்லை, கேட்கவும் இல்லை. “வந்தது புரொஃபசர், ரொம்ப நன்றி” என்றேன். “எனக்கு எதற்கு?” என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சம்பல் போட்டுக்கொண்டார்.

பின்வரிசை:
நான் மறுபக்கத்து ஆள், ரிப்போர்ட் எழுதுகிறவன். பெரும்பாலும் காசு கிடையாது. அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ மாதிரி சில இதழ்கள் நேரத்துக்கு அனுப்பினால் 100 டாலர் தரும். காசு வேலை செய்யுமா என்று பொருளியலாளர் ராஜ் செட்டியும் இன்னும் இருவரும் ஜர்னல் ஆஃப் பப்ளிக் எகனாமிக்ஸ் ரெஃப்ரிகளை வைத்தே சோதித்து 2014-இல் எழுதினார்கள். காசு வேலை செய்தது, ஆனால் ரிப்போர்ட் அனுப்பும் கெடுவை 6 வாரத்திலிருந்து 4 வாரமாகக் குறைத்ததே ரிப்போர்ட்டுகளைக் கணிசமாகச் சீக்கிரம் வரவைத்தது. யார் எவ்வளவு நாள் எடுத்தார் என்று ஊரறியப் போடுவோம் என்றதற்கு அதிகம் அசைந்தவர்கள் நிரந்தரப் பதவியில் இருக்கும் பேராசிரியர்கள்! ஆண்டிறுதியில் இதழ்கள் நன்றி சொல்லிப் போடும் ரெஃப்ரி பட்டியலில் என் பெயரைத் தேடிப் பார்க்கிற ஆள்தான் நானும். ஆனால் எனக்குப் பிடித்த நன்றி வேறு. பதில் கடிதத்தில் ஒரு கட்டுரையாளர் என் நாலாவது குறிப்பை ஏற்க முடியாது என்று ஒரு பக்கத்துக்கு எண்களோடு சண்டை போட்டிருந்தார். அவ்வளவு கவனமாக என்னை யாரும் படித்ததில்லை.

கிளமெண்டி 3:
என் ரெஃப்ரி கேட்டது ஒன்றே ஒன்று, பெரிய பட்டியலாக மேற்கோள் காட்டு என்றார், எல்லாம் ஒரே ஆளுடைய கட்டுரைகள், யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அடிக்குறிப்பில் நன்றி எழுதினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. பொருளியலாளர் ஆக்கர்லோஃப் பழைய கார் சந்தை பற்றி எழுதிய கட்டுரையை மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பி, 1970-இல் நாலாவது இதழ் போட்டது, 2001-இல் நோபல். அந்த மூன்றுக்கும் யார் நன்றி சொல்வது?

தே ஓ கோசோங்:
@கிளமெண்டி 3, அந்த மாதிரிப் பட்டியல் வந்தால் எடிட்டருக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள், தப்பில்லை. உண்மையாகவே நன்றி சொல்ல வேண்டுமென்றாலும் எடிட்டருக்கே எழுதலாம், பெயரைச் சொல்லாமல் ரெஃப்ரிக்கு அனுப்பிவைப்பார்.