ரோட்ரிக்ஸ் வௌவால்: தலை எண்ணினால் போதுமா?

காசிமேடு கதிர்:
மொரீஷியஸுக்குச் சொந்தமான குட்டித் தீவு ரோட்ரிக்ஸ். 1970களில் அங்கே பழந்தின்னி வௌவால் நூறுகூட இல்லை. காட்டை வெட்டியது பாதி, புயல் மீதி. இன்றைக்கு 20,000க்கு மேல். மரம் நட்டார்கள், ஊர் மக்களிடம் பேசினார்கள், ஆச்சு. இதற்கு மரபணு ஆய்வும் வேண்டும் என்கிறாளே மீனா, எதற்கு? எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்தி நடவே நாம் காசு தேடுகிறோம்.

ராயபுரம் மீனா:
கதிர் அண்ணா, எண்ணிக்கை திரும்பி வரும். அந்தச் சரிவில் தொலைந்த அரிய மரபணு வடிவங்கள் வராது. புது நோயோ, புதுப் பூச்சியோ வந்தால் அவைதான் கைகொடுக்கும்.

காசிமேடு கதிர்:
சரிம்மா, உன் பாடக் கணக்கையே எடுப்போம். 50 விலங்கு இனப்பெருக்கம் செய்தால் ஒரு தலைமுறைக்கு மரபணுப் பன்மையில் நூறில் (2×50) ஒரு பங்கு, அதாவது 1% போகும். வௌவால் வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும், நெடுநாள் வாழும். 1970களுக்குப் பிறகு எத்தனை தலைமுறை ஓடியிருக்கும்? கூட்டமும் சட்டென்று பெருகிவிட்டது. இழப்பு சொற்பம்.

வியாசர்பாடி வேலு:
குறுக்கே வருகிறேன். நம் நாட்டில் 2022 திருத்தம் வரும்வரை வனவிலங்குச் சட்டமே பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. ரோட்ரிக்ஸ் எல்லாம் அப்புறம்.

ராயபுரம் மீனா:
வேலு அண்ணா, அது தனி இழையில் பேசவேண்டிய விஷயம்.

கதிர் அண்ணா, அந்த 50 எங்கிருந்து வந்தது? இந்த இனத்தில் ஒரு ஆண் பல பெண்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நிறைய ஆண்களுக்கு வாய்ப்பே கிடையாது. உதாரணத்துக்கு 10 ஆண், 90 பெண் என்று வையுங்கள். மரபணுக் கணக்கில் எத்தனை விலங்குக்குச் சமம் என்று பார்க்க, ஆணையும் பெண்ணையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்கவேண்டும்: 4×10×90, வகுத்தல் 100. வருவது 36. மரத்தில் தொங்குவது நூறு, மரபியலுக்கு 36. இழப்பு தலைமுறைக்கு 1.4% ஆகிறது. 1976இல் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஜெரால்ட் டரல் சிலவற்றைப் பிடித்து ஜெர்சி தீவில் வளர்க்கத் தொடங்கினார். அந்த வழிவந்தவற்றில் எதை எதோடு சேர்ப்பது என்று முடிவுசெய்ய உறவுமுறை தெரியவேண்டாமா?

காசிமேடு கதிர்:
கூண்டில் இருப்பதற்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். காட்டில் இருப்பதற்கு முதல் காசு மரத்துக்குத்தான்.

ராயபுரம் மீனா:
மொரீஷியஸின் பெரிய தீவில் இருப்பது வேறு இனம். 2015, 2016இல் அரசே ஆயிரக்கணக்கில் கொன்றது. 'நிறைய இருக்கிறதே' என்ற தலைக்கணக்கை வைத்துத்தான். 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (IUCN) அதை 'அருகிவரும் இனம்' பட்டியலில் சேர்த்தது.

காசிமேடு கதிர்:
அது லிச்சி, மாம்பழத் தோட்டக்காரர்கள் கொடுத்த அழுத்தம்மா. மேசையில் மரபணு அறிக்கை இருந்திருந்தாலும் சுட்டுத்தான் இருப்பார்கள். தோட்டத்துக்கு வலை போடக் காசு கொடு, அது பேச்சு.