புதுப்பிப்பு: மாதுளையில் கிளை கிளையாக மஞ்சளாகிக் காய்ந்தது, வாடல் நோய்தான்

தாராபுரம் பக்கம் எங்கள் பகவா ரக மாதுளை, ஈரம் இருந்தும் கிளை கிளையாக மஞ்சளாகி வாடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

வேரழுகல், நூற்புழு (வேரில் முடிச்சு உண்டாக்கும் நுண்புழு), வாடல் என்று மூன்று கருத்து வந்தது. உடுமலை அண்ணன் சொன்ன சோதனைதான் கைகொடுத்தது. வாடிய கிளையை அடியில் குறுக்கே வெட்டினோம். பட்டைக்குள் வெள்ளையாக இருக்க வேண்டிய கட்டையில் கருஞ்சாம்பல் கறை, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடியிருந்தது. வேரில் முடிச்சு எதுவும் இல்லை, அதனால் நூற்புழு இல்லை. வேளாண் அறிவியல் நிலையத்திலும் வாடலை உண்டாக்கும் செரட்டோசிஸ்டிஸ் பூஞ்சை என்றே சொன்னார்கள்.

முழுக்கக் காய்ந்த மரங்களை வேரோடு பிடுங்கி அங்கேயே எரித்தோம். இழுத்துக்கொண்டு போனால் மண்ணோடு நோயும் போகும். சுற்றியுள்ள நல்ல மரங்களுக்கு புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியை, லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்து, வேர்ப்பகுதி நன்றாக நனையும்படி ஊற்றினோம். இதுதான் பரவலை நிறுத்தியது. பாதி வாடியவை தேறவில்லை.

எதிர்பாராதது ஒன்று: அடிமரத்தில் குண்டூசி அளவு துளைகளும் மரத்தூளும். துளைப்பான் வண்டு. அதற்கு செம்மண்ணோடு காப்பர் ஆக்சிகுளோரைடும் பூச்சி மருந்தும் குழைத்துப் பூசினோம்.

அப்புறம், டிரைக்கோடெர்மா என்ற உயிர் மருந்தை, பூஞ்சைக்கொல்லி ஊற்றிய கையோடு போடாதீர்கள். அதுவும் பூஞ்சைதான், செத்துவிடும். நாங்கள் இடைவெளி விட்டு, தொழுவுரத்தில் கலந்து வைக்கப் போகிறோம். சொட்டுநீர்க் குழாயை அடிமரத்திலிருந்து தள்ளி வைத்தாயிற்று.